சோளத்துக்குக் கப்பல் தேடி வந்தவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ஹம்பேர்க்கில் சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் வேலை செய்தேன். அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துப் பிடித்த வேலை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மேசையில் இருக்கிறேன் என்ற பெருமை எனக்கு நிறையவே இருந்தது. தென்னமெரிக்கச் சரக்குகளை என்னிடம் விட்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை, பரகுவேயில் ஒரு கொலனியிலிருந்து வயதானவர் ஒருவர் வந்தார். எங்கள் நாட்டில் கொலனி என்றால் காடு வெட்டி, காணி கொடுத்து ஆட்களைக் குடியேற்றிய இடம். இதுவும் அப்படித்தான். முன்னோர் ஜேர்மன்காரர். மதத்துக்காக நாடு நாடாக இடம்பெயர்ந்து, கடைசியில் அங்கே போய்க் காடு வெட்டியவர்கள். அந்த வருடம் அவர்களுக்குச் சோளம் நன்றாக விளைந்திருந்தது. மருந்தடிக்காத சோளம். இங்கே மா அரைக்கும் ஆலை ஒன்று அதை வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் கப்பல் கூலி சோளத்தின் விலையையே விழுங்கிவிடும் போலிருந்தது. பெரிய தானியக் கப்பல்கள் அவ்வளவு கொஞ்சத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டா. மலிவாக ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

முதலாளி அவரை என் மேசைக்குக் கூட்டிவந்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கையில் பிடித்தபடி முதலாளி பக்கம் திரும்பி, "யாராவது ஜேர்மன்காரரோடு பேச முடியுமா?" என்று பணிவாகக் கேட்டார். அவர் பேசிய ஜேர்மன் எங்கோ பழைய காலத்தில் நின்றுபோன வயல்காட்டு ஜேர்மன். என் சக ஊழியர்கள் அதைக் கேட்ட உடனேயே தலையைக் குனிந்து சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இங்கே ஜேர்மன்காரர் இவர்தான். நீங்கள்தான் வெளிநாட்டுக்காரர்," என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்கும்படி.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நாட்டில் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஆட்கள் சிரித்தபோது, அந்த ஒருவர் நானாக இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. கிழவரின் கழுத்துவரை சிவந்துவிட்டது. என் முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு வழி தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. ஒவ்வொரு கப்பல் கம்பனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இங்கிருந்து இயந்திரங்களை ஏற்றிப் போகும் கொள்கலன்கள் பல அங்கிருந்து வெறுமையாகத் திரும்புவது எனக்குத் தெரியும். வெறுமையாகக் கொண்டுவருவதைவிட, குறைந்த கூலிக்காவது சோளத்தை ஏற்றலாம்தானே என்று கேட்டேன். மறுநாள் ஒரு கம்பனி சம்மதித்தது. இடம் இருக்கும்போதுதான் ஏற்றுவோம், நாள் குறித்துத் தரமாட்டோம் என்றார்கள். கொலனியிலிருந்து ஆற்றுப் படகில் துறைமுகம்வரை கொண்டுவருவது கொலனிக்காரர் பொறுப்பு. "நன்றாகக் காய்ந்த சோளம் காத்திருக்கும்," என்றார் கிழவர்.

அன்று மதியம் அவரைக் கன்டீனுக்குக் கூட்டிப்போனேன். செபம் சொல்லி முடித்தபிறகும் அவர் கரண்டியை எடுக்கவில்லை.

"நேற்று நான் கேட்டது உங்கள் நிறத்தைப் பார்த்து அல்ல," என்றார். "வந்திறங்கிய நாளிலிருந்து என் பேச்சு இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. உங்களுக்கோ இது படித்துப் பழகிய மொழி. உங்களைக் கஷ்டப்படுத்திவிடுவேனோ என்று பயந்தேன்."

அது முழு உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. பாதி உண்மை என்றாலும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான், அந்தச் சனிக்கிழமை எங்கள் தமிழ் ஆட்களின் பிறந்தநாள் விழா ஒன்றில் கதையைச் சொன்னேன். முதலாளி சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். வெள்ளைக்காரனுக்கு நல்லாய்க் குடுத்திருக்கிறாய் என்றார்கள், நானே கொடுத்த மாதிரி.

வீடு திரும்பும்போது காரில் மனைவி கேட்டாள். "அந்த மனிசன் அப்ப என்ன செய்தவர்?"

"பேசாமல் இருந்தவர்."

"பாவம். நீங்களும் சேந்து சிரிச்சனீங்களோ?"

ஓம் என்றேன். கன்டீனில் அவர் சொன்னதை அவளிடமும் சொல்லவில்லை.

சோளம் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. அடுத்த அறுவடைக்கும் கொலனிக்காரர் எங்களிடமே கேட்டார்கள். கிழவர் மறுபடியும் வந்தார். அப்போது அறையில் புதிய வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். முதலாளி அவருக்கு அந்தக் கதையைச் சொன்னார், கிழவரை வைத்துக்கொண்டே. கிழவர் நிலத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் எதற்காக அப்படிக் கேட்டார் என்று நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். முதலாளி என் பக்கம் திரும்பியபோது நானும் பல்லைக் காட்டினேன்.

பின்னேரம் அவரை ரயில் நிலையம்வரை கூட்டிப்போனேன். வழியில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். இரண்டு தடவையும் பேச்சைச் சோளத்துக்குத் திருப்பினேன். அவரோ ஆற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இந்த வருடம் மழை குறைவு, தண்ணீர் இறங்கிவிட்டது, படகுகள் பிந்தும் என்றார். கப்பல் கம்பனிக்கு அறிவித்துவிடுகிறேன் என்றேன். நன்றி சொல்லிக் கை கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.