கடைசி பஸ்ஸில் வராதவர்

எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓர் அரசாங்க நர்ஸ் குடிவந்தார். தம்பிகளைப் படிக்கவைத்து ஆளாக்கியதில் அவருக்கு நாற்பது நெருங்கியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. குரங்கணிக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையேறிப் பிரசவம் பார்த்துவிட்டு வருவார்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சாயங்காலம் அவர் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். எப்போது அப்படி ஆனது என்று தெரியவில்லை. பேச்செல்லாம் குழாயில் தண்ணீர் வரும் நேரம், பால்காரர் வராத நாள் என்பதோடு சரி. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று, நான் குடித்ததும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார். தெருவில் எந்நேரமும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஓர் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ்ஸும் வந்துவிட்டது, அவர் இறங்கவில்லை. கண்டக்டரிடம் கேட்டேன்.

"மேல ஓடையில தண்ணி ஏறிருச்சாம்ணே. யாரும் எறங்கி வரல."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யாரிடம் போய் விசாரிப்பது? அவருடைய தம்பிகளுக்குத் தந்தி கொடுக்க நான் யார்?

விடிந்ததும், தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில், நர்சைத் தேடிப் போவதாகச் சொல்லித் தொற்றிக்கொண்டேன். "நர்சம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று டிரைவர் கேட்டார். "பக்கத்து வீடு" என்றேன். அவர் அதற்குமேல் கேட்காதது இன்னும் கூச்சமாக இருந்தது.

குரங்கணி டீக்கடையில் நின்று மலைப்பாதையையே பார்த்தேன். எந்தக் குடை இறங்கி வந்தாலும் இரண்டடி முன்னே போய் முகத்தைத் தேடினேன். வெயில் ஏறும் நேரத்தில் அவர் வந்தார். சேலையெல்லாம் சேறு, கையில் செருப்பு. என்னைக் கண்டதும் முகம் கறுத்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பஸ்ல காணமேன்னு..."

"தலைப்பிரசவம். விட்டுட்டு வர முடியல." குரலைத் தணித்தார். "கடையில அத்தன பேரும் பாக்குறாங்க. நாளைக்கு நான் இதே பாதையில தனியா ஏறணும். அத நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். நல்லது செய்யப் போய் அவர் பேரைக் கெடுத்துவிட்டேனோ என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு குழாயடியிலும் அவர் முகம் கொடுக்கவில்லை. வீடு மாற்றிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவரே என் வாசலில் வந்து நின்றார்.

"என்னத் தேடி வந்தன்னிக்கு, கேட்டவங்ககிட்ட யாருன்னு சொன்னீங்க?"

"பக்கத்து வீடுன்னேன்."

"அடுத்த மழைக்கும் வருவீங்களா?"

"வராம இருக்க முடியாதுங்க."

"அப்ப அந்தப் பதில் பத்தாது" என்றார்.

தை மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் பக்கத்தில் கடைசித் தம்பி மட்டும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சிலமலையில் இருந்த என் அக்கா, வேறு சாதி என்று வரவில்லை. இனி வரவே மாட்டாளோ என்று நான் மருகிக்கொண்டே இருந்தேன்; அவர்தான் பொறுங்கள் என்பார். எண்பதுகள் பிறந்தபின் ஒரு நாள் அக்கா வந்தாள். என்னிடம் பேசவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், "முட்டி வலிக்கு என்ன மாத்திர போடலாம் தாயி?" என்று அவரிடம் கேட்டாள்.