சந்தனம் வைத்த சிடி

மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த கணினிக் கடைக்கு ஒருவர் வந்தார். நெடிய உருவம், சவரம் செய்யாத முகம். எதைக் கேட்பதற்கு முன்னும் “தப்பா நினைச்சுக்காதேம்மா” என்பார்.

இறந்துபோன மகளின் பாட்டு இருந்த ஒரே சிடிக்கு, ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்திருக்கிறார். பளபளப்பான பக்கம் கெடக்கூடாதென்று மறுபக்கத்தில் வைத்தாராம். காய்ந்ததைச் சுரண்டியபோது பாட்டுப் பதிந்திருந்த வெள்ளிப்பூச்சும் உரிந்துவிட்டது.

“தப்பா நினைச்சுக்காதேம்மா. புதுசா டிவிடின்னு வருதாமே, மேல் அடுக்கு வழியா வெளிச்சம் போய் அடுத்த அடுக்கையும் படிக்குமாமே. இதுலயும் அப்படி இன்னொண்ணு இருக்காதா?”

“இதுல ஒரே அடுக்குதான் சார். டிவிடிலயும் அடுக்குக்கு அடுக்கு வேற விஷயம் இருக்கும். நிறைய பதியத்தான் ரெண்டு, நகலுக்கு இல்ல.”

தலையசைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே உரிந்த வெள்ளித் துகள்கள்.

“ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன். ஒட்ட முடியுமா?”

துகள்கள் பறந்துவிடுமென்று எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன். வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.