முடியாதவங்க யாரும் இல்லையே?

அம்பத்தூர் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது வீட்டுக்காரர் சொன்ன காரணம், மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையோடு இங்கேதான் குடிவரப்போகிறாள் என்பது. அவருக்கு மகளே கிடையாது. இரண்டும் பையன்கள். பதினோரு வருஷம் அவர் தலைக்கு மேலேயே குடியிருந்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும் என்றுகூட அவர் யோசிக்கவில்லை. பொய்யையாவது கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்லியிருக்கலாம். அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பெயின்ட் அடிக்க என்று பிடித்துக்கொண்டார். பெயின்ட் அடிக்கவில்லை. நாங்கள் போன இரண்டாவது வாரம் அதே வீடு, அதே ஒழுகுகிற குளியலறையோடு, ஒன்றரை மடங்கு வாடகைக்குப் போனது என்று எதிர் வீட்டுப் பெண் போனில் சொன்னாள்.

நாங்கள் மூன்று பேர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பூந்தமல்லி பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர். மூன்றாவது ஆள் என் அப்பா. முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர். நுரையீரல் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இருமல் வந்தால் கால்மணி நேரம் விடாது. மற்றபடி அவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. பேப்பர், காபி, ரேடியோ, அவ்வளவுதான்.

வீடு தேடி இரண்டு மாசம் அலைந்தோம். காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடு, படுக்கையறையில் கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது. அதற்குக் கேட்ட வாடகை என் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். கரையான்சாவடியில் ஒரு வீட்டுக்காரர் எங்களைச் செருப்போடு வாசலிலேயே நிறுத்திவைத்து, நீங்கள் எந்தப் பக்கம், என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்டார். புரியாத மாதிரி நடித்தேன். புரியாதவர்களுக்கு வீடு இல்லை என்றார். இன்னொரு இடத்தில் சைவமா என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்று நான் சொல்வதற்குள் என் பையை எட்டிப் பார்த்தார்கள், உள்ளே மீன் இருக்கிறதா என்று. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிற வாடகைதான் இப்போது எல்லாருக்கும் வாடகை. அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களையும் தோலை உரித்துத்தான் விடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். அதை எல்லாரும் ஒரே மாதிரி, சிரித்துக்கொண்டே, விஷயமே இல்லாத மாதிரி கேட்பார்கள். வீட்டில் முடியாதவங்க யாரும் இல்லையே? அப்பா இருக்கிறார், கொஞ்சம் மூச்சிரைப்பு என்று நான் உண்மையைச் சொன்னேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். யோசித்து போன் பண்ணுவதாகச் சொல்வார்கள். எட்டு வீட்டில் சொல்லி எட்டு வீடும் போனது.

இதில் எனக்குப் புரியாமல் இருந்ததை வீட்டுப் புரோக்கர்தான் உடைத்துச் சொன்னார். ஒரு மாச வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் எங்களை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிந்த மனிதர். எங்களுக்குப் பிள்ளையில்லை என்பதை எங்கே போனாலும் முதலில் சொல்வார். தண்ணீர் செலவு குறைவு, சுவரில் கிறுக்கல் கிடையாது என்று அது எங்கள் தகுதியாம். என் வயிற்றை வைத்துச் சிபாரிசு பண்ணிய அந்த ஆளை நான் அறையாமல் விட்டதற்குக் காரணம், வேறு புரோக்கர் இல்லை என்பது மட்டும்தான். அவர் சொன்னார், வயதானவர் அந்த வீட்டிலேயே போய்விட்டால், அதுவும் அடைப்பு நட்சத்திரத்தில் போய்விட்டால், வீட்டை ஆறு மாசம் பூட்டி வைக்கவேண்டும். அப்புறமும் சாவு விழுந்த வீடு என்று யாரும் லேசில் வரமாட்டார்கள். ஆறு மாச வாடகை போய்விடும். அதனால்தான் கேட்கிறார்கள்.

"அப்பாவப் பத்தி வாயே தொறக்காதீங்கக்கா. கேட்டா ஊர்ல அண்ணன் ஊட்ல கீறாருன்னு சொல்லுங்க. அப்பப்ப வந்துகினு போவாரு, அவ்ளோதான்."

எனக்கு அண்ணன் கிடையாது. ஊரும் கிடையாது. அப்பா பிறந்ததே கொரட்டூரில். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையில் ஒரு வீட்டுக்காரம்மா அதே கேள்வியைக் கேட்டபோது, வாலாஜாவில் ஒரு அண்ணனும், அண்ணிக்குச் சர்க்கரை நோயும், அவர்களுக்கு இரண்டு பெண்களும் என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தார்கள். அம்பத்தூர்க்காரர் தன் மகளைப் பெற்ற மாதிரியே நான் என் அண்ணனைப் பெற்றேன். வீடு கிடைத்தது.

அந்த அம்மாவைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவளும் அவள் புருஷனும் ஒரு காலத்தில் அதே இடத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மகன் தொழிற்சாலை வேலைக்குப் போய், லோன் போட்டு, மூன்று மாடியில் ஆறு போர்ஷன் கட்டியிருந்தான். நாங்கள் பால் காய்ச்சிய அன்று அவளே கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அதே கையால் தண்ணீர் மோட்டார் காலையில் அரைமணி நேரம்தான், விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்று எழுதிய தாளையும் கொடுத்தாள்.

அப்பா விருந்தாளியானார். முதல் மூன்று நாள் சரி. நாலாம் நாள் அவர் ஊருக்குப் போகவேண்டும். அப்போதுதான் நாங்கள் அந்தக் கேவலமான நாடகத்தைத் தொடங்கினோம். பழைய ரெக்சின் பையில் இரண்டு தலையணை உறையும் ஒரு போர்வையும் திணித்து அவர் கையில் கொடுப்போம். வாசலில் வீட்டுக்காரம்மா பார்க்கிற நேரமாகப் பார்த்து, அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கப்பா என்று நான் சத்தமாகச் சொல்வேன். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆவடி ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார். பகல் முழுக்க அப்பா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போகிற நேரத்தில் திரும்பக் கூட்டிவந்து ஓசையில்லாமல் மாடி ஏற்றிவிடுவோம். பத்து நாள் கழித்து அவர் வெளிப்படையாக ஊரிலிருந்து வருவார். மறுபடி மூன்று நாள், மறுபடி பை. நடுவில் உள்ள நாட்களில் ரேடியோ கிடையாது. இருமல் வந்தால் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே செய்தார். நாங்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒருமுறை நான் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார், டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். எங்கேப்பா என்றதற்கு, பிளாட்பாரம் டிக்கெட் முடியப்போகிறது, இரண்டு மணி நேரம்தான், புதிதாக எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். கவுன்டருக்குப் போகிற மேம்பாலப் படியை ஏறி இறங்க அவருக்கு அரைமணி நேரம் ஆகும். காலையிலிருந்து அது மூன்றாவது முறையாம். யாரும் கேட்கப்போவதில்லை, உட்காருங்கள் என்று அதட்டினேன். "சும்மா உக்காரக் கூடாதும்மா" என்றார். டிக்கெட்டை நானே போய் எடுத்துவந்தேன்.

நாலாவது மாசம் பிடிபட்டோம். வீட்டுக்காரம்மா திருத்தணிக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பி வந்திருக்கிறாள். வாலாஜா போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போன மனிதர் சாயங்காலம் ஆவடி பெஞ்சில் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவரை எழுப்பவில்லை. நேராக மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். முன்பு இரண்டாம் மாடியில் ஒரு கிழவி அடைப்பு நாளில் போய்விட்டதையும், ஆறு மாசம் பூட்டிவைத்ததையும், லோன் கட்டமுடியாமல் மருமகளின் சங்கிலி போனதையும் சொன்னாள். உன் அப்பா மாதிரிதான் எங்கள் நைனாவும் இருமியே போனார் என்றாள். பிறகு தீர்ப்பு சொன்னாள். அதற்குள் என் வீட்டுக்காரர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். இருவரும் வாசற்படியில் நின்றார்கள்.

"நைனா இங்கியே இருக்கட்டும், ஸ்டேஷன்ல இன்னாத்துக்குக் குந்தணும். வாடகை ஆயிரம் சேத்துக் குடு. ஆனா ரொம்ப முடியலன்னா ஆஸ்பத்திரில சேத்துரு. ஏதாச்சும் ஆயிட்ச்சுன்னா அங்கேந்தே எடுத்துகினு போயிடணும். இந்த ஊட்டாண்ட கொண்டாரக் கூடாது."

நான் சரி என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சரிக்கா, ரொம்ப நன்றிக்கா என்றேன். அவள் போனபிறகு அப்பா பையைப் பிரித்துப் போர்வையை எடுத்து மடித்து வைத்தார். அன்று ராத்திரி ரேடியோவைப் போட்டார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்த ஆயிரம் ரூபாயைக் கொடுத்து ஒரு வருஷம் ஓட்டினோம். மழை தொடங்கியதும் மூச்சு மோசமானது. முன்பெல்லாம் மருந்தை நீராவியாகப் பிடித்து, தலையணையை உயர்த்தி, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தால் அடங்கிவிடும். இப்போது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒவ்வொரு முறை அவர் நெஞ்சு ஏறி இறங்கும்போதும் வீட்டுக்காரம்மாவின் குரல்தான் கேட்டது. கடைசியாக ஒரு காலை, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வரச்சொல்லிவிட்டேன் என்றேன்.

"இன்னிக்கு வேணாம்மா. இங்கயே படுத்துக்கறேன்" என்றார்.

அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் இனிப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் முந்தின வாரமே சொல்லியிருந்தார். படுத்துக்கொள்ளுங்கள் அப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் கட்டில் இருந்தது. லீவு போட்டிருந்தேன். ஒரே ஒரு முறை டாக்டர் பார்க்கட்டும், மத்தியானமே வந்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களே, விஷயமே இல்லாத மாதிரி, அந்தச் சிரிப்பு.

அவர் எழுந்து, அலமாரிக்கு அடியில் கிடந்த ரெக்சின் பையைத் தானே எடுத்துக்கொண்டார். அது வேண்டாம் என்றதற்கு இருக்கட்டும் என்றார். கீழே வீட்டுக்காரம்மா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஊருக்குப் போயிட்டு வரேம்மா" என்றார். பார்த்துப் போங்க நைனா என்று அவள் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. கேட்டை மூடவும் தவறவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போனார். நான் அப்போது வராந்தாவில் இருந்தேன். நர்ஸ் வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் குடோனிலிருந்து வந்துகொண்டிருந்தார். அங்கிருந்தே நேராகச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனோம். அவரைக் குளிப்பாட்டியதுகூட வேறு யாரோ. அவர் ஒரு வருஷத்துக்கு மேல் இருமிய வீட்டின் வாசலை அந்த வண்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். உண்மையாகவே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரி என்றாலும் அவர் புழங்கிய வீடாயிற்றே, நட்சத்திரம் என்னவென்று யாரையாவது கேட்டீர்களா என்றாள்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. இதையெல்லாம் இப்போதா கேட்பது, யாருக்கு அதைப் பார்க்க நேரம் இருந்தது என்று அவர் ஆரம்பித்தார். நான் அவரைத் தடுத்தேன்.

"அடைப்பு இல்லக்கா. பாத்துட்டேன்" என்றேன்.

பார்த்திருந்தேன். நர்ஸ் வந்து சொன்னதும், அவரைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால், என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால், அந்த வராந்தாவில் நின்றபடியே கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு சீராக வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.