நாங்கள் கை காட்டிய பானை

டிஸ்பென்சர் நமசிவாயம் காலமான செய்தியை அட்டன் பஸ் நிலையத்தில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டதாம். எங்கள் தோட்டத்துக்கு ஒரு தந்தி அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? நாங்கள் அவருக்குச் செய்தது அப்படி.

திம்புள்ளைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் மருந்து கொடுக்க வந்தபோது, நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அதே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் கையாலேயே தம் ஊர்ப் பனங்கிழங்கு ஒடியல் கூழ் காய்ச்சி எனக்குக் கொடுத்தார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "இதைக் குடிக்கத் தெரியாதவனும் ஒரு மனுசனே?" என்றார். மறுவாரம் என் மனைவி அரைத்த மிளகாய்ச் சம்பலில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அவரவர் ருசி, மாஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

தோட்டத்தில் கொடுத்த அரிசி மக்கல் அரிசி, மூட்டையில் ஈரம் பட்டு மக்கிப்போனது. உலை கொதித்தால் லயம் முழுக்க அந்த வாடை வரும். எங்களுக்கு அது சோற்று வாசம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றோட்டம் வந்ததைப் பார்த்து, "மருந்து குடுத்து என்ன, சோறு மாற வேணும்" என்று தோட்டத்துத் துரையைத் தாண்டிக் கம்பெனியின் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு எழுதிவிட்டார். உத்தியோகத்தில் இருப்பவர் செய்யக்கூடாத காரியம்.

கொழும்பிலிருந்து ஒரு துரை வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இரண்டு பானை வைத்தார்கள். ஒன்றில் தோட்டத்து அரிசி, மற்றதில் நமசிவாயம் அட்டனில் வாங்கிவந்த நல்ல அரிசி. எது எதுவென்று சொல்லாமல் பத்துப் பேரை உருட்டித் தின்னச் சொன்னார்கள். அந்த யோசனையும் அவருடையதுதான். நாக்கு பொய் சொல்லாது என்று நம்பினார், பாவி மனுஷன்.

கொழுந்து பறிக்கும் பேச்சியக்கா முதலில் கை காட்டினாள். "இதுதாங்க சோறு. அது என்னமோ சப்புன்னு இருக்கு, வாசமே இல்லீங்க." அவள் காட்டியது மக்கல் பானையை. மற்றவர்களும் அதையே காட்டினார்கள். யாரும் பயந்து சொல்லவில்லை. பத்தாவது ஆள் நான். படித்தவன். நானும் அதைத்தான் காட்டினேன்.

"அவங்க ருசி அவங்களுக்கு, டிஸ்பென்சர்" என்றார் எங்கள் தோட்டத்துத் துரை, கையைத் துடைத்துக்கொண்டு. அவருடைய பங்களாச் சமையலறைக்குள் அந்த அரிசி ஒரு நாளும் போனதில்லை.

அந்த மாதமே நமசிவாயத்துக்குச் சீட்டுக் கிழித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பிள்ளைக்காம்பராவில் இரண்டு தொட்டில்கள் காலியாயின. ஒன்று பேச்சியக்காவின் பேரப்பிள்ளையுடையது. அரிசியால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வந்த ஒரே மனிதரையும் நாங்கள் அனுப்பிவிட்டோம்.

அவர் தோட்டத்தை விட்டுப் போன அன்று அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை நடந்தேன். அவரே அந்தப் பேச்சை எடுத்தார். "உங்கடை நாக்கிலை பிழை இல்லை, மாஸ்டர். அதுக்கு வேறை என்னத்தைக் குடுத்தவை? பழக்கினதைச் சொல்லிச்சுது." திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய கைராசியைப் பற்றிப் பேசுவீர்கள், பேசுங்கள். "அவரவர் ருசி" என்று மட்டும் என் முன்னால் யாரும் சொல்லாதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது என் வீட்டில் நல்ல அரிசிதான். ஆனாலும் ஒவ்வொரு கவளத்தையும் முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன். நன்றாயிருக்கிறது என்று நாக்கு சொன்னால், உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறேன். நமசிவாயத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். சில நாள் அந்த மக்கல் வாடைக்கு இன்னமும் என் வாய் ஊறுகிறது.