படலைக்கு வெளியே நின்ற எலிக்காய்ச்சல்

பனம்மட்டை எரியும் வாசம். காரமும் இனிப்புமாகக் கடற்காற்றோடு வந்து மூக்கில் ஒட்டுகிறது. வேலணையில் யாரோ பனங்கிழங்கு அவிக்கிறார்கள். உடனே என் கண் மனைவியைத் தேடுகிறது. காற்றுக்கு மறுபக்கம் நிற்கிறாள். இருமவில்லை. நல்லது.

போன மாரியில் ஓயாமல் இருமினாள். கிழங்கு அவிக்கும் புகைக்குள் வருடக்கணக்காகக் குனிந்து நின்ற நெஞ்சு. எக்ஸ்ரே படம் எடுத்தபோது வலது நுரையீரலில் ஒரு நிழல். யாழ்ப்பாணத்தில் ஊசியால் சதைத் துணுக்கொன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரைக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். ஒரு சொல்லை வாயில் எடுக்காமல் இருப்பதற்கே என் மூச்செல்லாம் செலவானது.

மனைவியின் தமையன் மகள், எங்களுக்கு மருமகள் முறை, விடுமுறையில் வந்திருந்தாள். வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் எலிகளின் நுரையீரலை ஆராய்கிறவள். முடிவை வாங்க அவளே போனாள். அங்கிருந்தே போன் எடுத்தாள். மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமி, புற்றுநோய் இல்லை! அழற்சிதான். நான் எலியளிலை பாக்கிறனே, அதுதான்…” லைன் அறுந்தது.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாசல் படலையடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவின் காதில் விழுந்ததோ ஒரே ஒரு சொல். எலி. வெள்ளம் வடிந்து, எலிக்காய்ச்சல் என்று ஊரே பயந்திருந்த நேரம் அது. மத்தியானத்துக்குள் கதை பக்கத்து ஊர் சரவணைவரை போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் ஒருவரும் படலை தாண்டவில்லை. ஒருவர் வேலிக்கு மேலால் எலிப்பொறியை நீட்டினார்.

“அண்ணை, அவ வயலுக்குள்ள இறங்கினவவோ?”

“இது வேற எலி. ஆய்வுகூடத்து எலி.”

“ஐயோ, அங்கயும் பரவீட்டுதோ?”

மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து இருமினாள். அந்த இருமல் என்னை உலுக்கவில்லை.

பின்னேர பஸ்ஸில் வந்திறங்கிய மருமகளைப் படலையடியில் நின்றவர்கள் மறித்துக் கேட்டார்கள்.

“இது தொத்தாது, அக்கா. புகை பட்டா நெஞ்சுக்குள்ள இருக்கிற கலங்கள் ‘ஓடிவாங்கோ’ எண்டு கூப்பிடும். சைட்டோகைன் எண்டு சின்னச் சின்ன மூலக்கூறுகள், அதுதான் அந்தக் குரல். அதுக்கு வெள்ளணுக்கள் வந்து குவியும். எலியளுக்குப் புகை காட்டிப் பாத்தம். புகையை நிப்பாட்டின பிறகும் கூப்பிடுறது ஓயேல்லை. வந்ததுகள் போகாமல் நிண்டு நுரையீரலையே பழுதாக்குது.”

“எங்கட வேலி எரிஞ்ச அண்டைக்கு நடந்ததுதானே!” என்றாள் மனைவி. “எரிஞ்சது ரெண்டு ஓலை. அணைக்க வந்த சனம் என்ர மிளகாய்க் கண்டெல்லாம் உழக்கிப்போட்டுது.”

“வாளியோட ஓடிவாற நேரம் காலைப் பாக்கேலுமோ?” என்றார் பொறிக்காரர்.

“அந்தக் கூப்பிடுறதை மறிச்சா?” என்று நான் கேட்டேன்.

“எலியளிலை சேதம் குறைஞ்சது, மாமா. அதுக்காக மனிசரிலையும் அப்பிடியே சரிவரும் எண்டு சொல்லேலாது. மாமிக்கு டொக்டர் தந்த மருந்து இருக்கு. புகைக்குக் கிட்டப் போகாட்டிச் சரி.”

அடுத்த படத்தில் நிழல் மெலிந்திருந்தது. கடற்கரை நடையை நான் விட்டுவிட்டேன். போனாலும் மீன் வாங்கத்தான்.

மருமகள் திரும்பிப் போகிற நாளில் மூவரும் பஸ்ஸுக்காக நின்றோம். தூரத்தில் எங்கோ புகை எழுந்தது. பஸ் வந்ததும் மிதிபலகையில் நின்றபடி அவள் விரலை ஆட்டினாள்.

“மாமி, புகைக்குள்ள நிக்கக்கூடாது.”

“ஓம், ஓம். நீர் போய் அந்த எலியளையும் நான் சுகம் கேட்டதெண்டு சொல்லும்.”