தையலுக்குள் விட்ட துணி

எங்கள் தையல் கடையில் என் அண்ணிக்கு 'அரை இஞ்ச் அக்கா' என்று பெயர். அளவு அரை இஞ்ச் பிசகினாலும் முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அப்படிப்பட்டவரை அளக்க ஒரு நாதியில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணிக்கு மார்பில் புற்றுநோய். இடது பக்கத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. கடைசியில் கட்டி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் சாயங்காலம் வெறுங்கையோடு வீடு திரும்பியதே இல்லை. எண்ணெய் சொட்டும் பொட்டலம், கிரீம் பன், நெய் டப்பா.

"சாப்பிடு. குச்சி மாதிரி ஆயிட்டே. உடம்பு தேற வேணாமா?" என்பார்.

அவரைச் சொல்லி என்ன? நானும்தான் தட்டில் அள்ளி வைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் துணி மிச்சம் விடுவோம். ஆள் பருத்தால் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். அண்ணியின் சட்டைகள் இறுகியபோதெல்லாம் பிரித்தவள் நான்தான். "பாத்தீங்களா அண்ணி, தேறிட்டீங்க!" என்று கும்மாளம் வேறு. தளர்த்திய சட்டை ஒருநாளும் கடிக்காததால் எங்கள் மரமண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

ஒருநாள் பிரிக்கத் துணி மிச்சமில்லை. அண்ணி டேப்பைத் தன் இடுப்பில் சுற்றினார். அளவு நோட்டில் தன் பழைய பக்கத்தைப் புரட்டினார். ஐந்து இஞ்ச் கூடியிருந்தது.

"இது தேறினது இல்லடி," என்றார்.

அடிக்கடி நா வறள்வதையும் கண் மங்குவதையும் அப்போதுதான் சொன்னார். மகராசி, அதுவரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "ஸ்கேன் சுத்தமா இருக்கு. சந்தோஷமா போங்க."

"என் சுகர் கடைசியா எப்ப பாத்தீங்க டாக்டர்?"

தலையணை மொத்தத்துக்கு ஃபைல். சிகிச்சை முடிந்த பிறகு அதில் சுகரும் இல்லை, கொழுப்பும் இல்லை, இடுப்பளவும் இல்லை. "அது வேற பிரிவும்மா," என்றார். வேறு பிரிவாம்! மார்பு ஒருத்தியுடையது, ரத்தம் இன்னொருத்தியுடையதா?

அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லை. அன்றே ரத்தம் எடுக்க வைத்தார். சுகரும் கொழுப்பும் எகிறியிருந்தன. அதன்பிறகுதான் டாக்டருக்குப் பேச்சு வந்தது.

"சுகரும் இடுப்புச் சதையும் ஏறினா நோய் திரும்புற வாய்ப்பு கூடலாம்னு ஆய்வுகள் சொல்லுது. இதயத்துக்கும் ஆபத்து. சாப்பாட்டுக் கொழுப்பு பத்தி இன்னும் முழுசா தெரியல. ஆனாலும் பொரிச்சது, நெய், கிரீம் எல்லாம் குறைங்க. மீன், கடலை, காய்கறி சேத்துக்கங்க. தினம் நடங்க. சுகருக்கு மாத்திரை எழுதச் சொல்றேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க கேக்கலையே."

எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்கிட்ட தைக்க வர்றவங்க யாரும் 'என் இடுப்ப அளங்க'ன்னு கேக்க மாட்டாங்க டாக்டர். அளக்கறது என் வேலை."

டாக்டர் பேனாவை எடுத்தார். ஃபைலில் ஏதோ எழுதினார்.

சாயங்காலம் அண்ணன் வழக்கம்போலப் பொட்டலத்தோடு வந்தார். "நான் உங்க கூட இருக்கணும்னா இத வாங்காதீங்க," என்றார் அண்ணி. பாவம் அண்ணன், நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

அன்றே அண்ணி இப்போதைய அளவுக்குப் புதுச் சட்டை ஒன்று தைத்தார். தையலுக்குள் வழக்கம்போல இரண்டு விரல் துணி இருந்தது. கத்திரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

"அத வெட்டி எறி. இனிமே நீ பிரிக்கவே கூடாது."

இத்தனை நாளும் பிரித்த கையாலேயே வெட்டினேன்.