மலை சுற்றிப் பார்த்த சிவப்புக் கார்

பழைய கார் பார்த்துச் சொல்கிற தொழிலில் நல்ல பேர் என்று ஒன்று கிடையாது. வண்டி ஓடினால் வாங்கினவர் கெட்டிக்காரர், நடுவழியில் நின்றால் பார்த்துச் சொன்னவன் ஃபிராடு.

யாருக்காவது கார் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் அவர் எதிரில் வந்தால் வேறு தெருவில் நுழைந்து போனவர்கள் உங்களில் இருந்தால் இதைப் படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எழுபதுகளில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பேருக்கு ரிப்பேர் ஷெட். ஆனால் ரிப்பேரைவிட இந்தப் பார்த்துச் சொல்லும் வேலைதான் ஜாஸ்தி. ஊரில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களுக்குள்ளேயே வாங்குவார்கள், விற்பார்கள். நடுவில் திட்டு வாங்குவதற்கு நான்.

என் முறை ரொம்ப சுலபம். வண்டியை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு. பதினாலு கிலோமீட்டர். மேடு, பள்ளம், மாடு, ஜனம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். சுற்றி முடித்துத் தேரடியில் நிறுத்தி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, "வாங்கலாம்" அல்லது "வேணாம்" என்பேன். பதினோரு வருஷம் இப்படித்தான். "மேஸ்திரி மலை சுத்திச் சொன்ன வண்டி" என்றால் போளூர் வரைக்கும் மறுபேச்சு கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் திமிரை ஒரே ஒரு சிவப்புக் கார் வந்து இறக்கிவிட்டுப் போனது.

எட்டு லிங்கம், எட்டு தடவை

அது ஒரு இன்ஜினியர் வைத்திருந்த வண்டி. அவரே அதைக் கைமாற்றாக வாங்கி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. வடக்கே மாற்றல் வந்ததும் என் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார். சின்னக் கார், ரெண்டே கதவு, தரையோடு படுத்த மாதிரி உடம்பு, ஆக்சிலேட்டரைத் தொட்டால் உறுமும். கம்பெனிப் பேர் வேண்டாம், வண்டிமேல் தப்பில்லை. எங்கள் ஊரில் கார் என்றால் அரிசி மூட்டையும் ஏறும், ஏழு பேரும் ஏறுவார்கள். இது வந்து நின்றதும் தெருவே வேடிக்கை பார்த்தது.

முதலில் கேட்டு வந்தவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா நல்ல கனமான சரீரம். ரெண்டு கதவு வண்டியில் பின் சீட்டுக்காரர் இறங்க வேண்டுமானால் முன் சீட்டுக்காரர் முதலில் இறங்கி, சீட்டை மடக்கி, வழிவிட வேண்டும். மலை சுற்றும் பாதையிலோ எட்டு லிங்கம். ஒவ்வொன்றிலும் இறங்கிக் கும்பிட்டுத்தான் ஆவேன் என்றார் அந்த அம்மா. நாங்கள் ரெண்டு பேரும் வெளியே நின்று ஆளுக்கொரு கை கொடுத்து இழுத்தோம். நாலாவது லிங்கத்தில் என் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் வண்டி மட்டும் பட்டு மாதிரி ஓடியது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை. தேரடியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, "தாராளமா வாங்கலாங்க" என்றேன் மண்டிக்காரரிடம். அவர் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

"இது காரு இல்லீங்க, மூட்டை ஏத்தி எறக்கற வண்டி. எட்டு தடவை ஏத்தி எறக்கினீங்களே, நான்தான் மூட்டை."

மாப்பிள்ளை பார்த்த அழகு

அடுத்து வந்தவர் வெளியாள் இல்லை. என் தங்கை மல்லிகாவின் புருஷன் ஏகாம்பரம். செங்கத்தில் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். மல்லிகாவுக்கு அப்போது ஆறு மாசம், தலைச்சன். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வரக்கூடாது, என் பொண்டாட்டியை என் சொந்தக் காரில்தான் கொண்டுவந்து விடுவேன் என்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றார். அதுவும் அந்தச் சிவப்புக் கார்தான் வேண்டுமாம்.

மற்றவர்கள் என்றால் ஒரு குறை சொல்லி அனுப்பிவிடலாம். மாப்பிள்ளையிடம் "வேணாம்" என்றால் மச்சானுக்குப் பொறாமை என்பார். "வாங்குங்க" என்றால் அந்த வண்டியில் உட்காரப் போவது என் தங்கை, வயிற்றில் பிள்ளையோடு. நீங்களே சொல்லுங்கள், இதைவிட ஒரு சங்கடம் உண்டா. அவராவது நாலு இடம் தட்டிப் பார்ப்பார் என்று பானெட்டைத் திறந்து காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காருக்குப் பக்கத்தில் அட்டென்ஷனில் நின்றார். கண்ணாடியில் மீசையைப் பார்த்தார். நாலடி தள்ளிப் போய் மறுபடி நின்றார். ஒரு மனுஷன் கார் வாங்குகிற லட்சணமா இது என்று பானெட்டை மூடினேன். அவர் நிதானமாக என் தோளில் கை போட்டார்.

"மச்சான், இன்ஜினை நீங்க பாத்துக்குங்க. பக்கத்துல நின்னா நான் எப்படி இருக்கேன்னு நான் பாத்துக்கறேன்."

கபூர் பாய் தட்டிய கதவு

பக்கத்து ஷெட் டிங்கர் கபூர் பாய். நசுங்கின தகரத்தை நிமிர்த்துவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. நான் கூப்பிடாமலே வந்தார். பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு, விரல் முட்டியால் காரின் இடது பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்றது. சுற்றி வந்து வலது பக்கம் தட்டினார். தொப், தொப் என்றது. நகத்தால் ஓரமாகச் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஒடுக்கை மறைக்கப் பூசின பட்டி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. "மலை சுத்தி வந்துட்டேன் பாய், கம்முனு ஓடுது" என்றேன். பாய் பீடியைத் திரும்பப் பற்ற வைத்தார்.

"வலது பக்கம் மட்டும் பெயிண்டு ஜாஸ்தியா இருக்குது. வண்டி சும்மா மேக்கப் போட்டுச்சா, எதையாவது மறைக்குதான்னு மலையைக் கேக்காதே, வண்டியைக் கேளு."

செருப்புக்காக ஒரு ரவுண்டு

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் மல்லிகாவும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கம் போவதாக ஏற்பாடு. நான் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பாய் சொன்னது மனசை அரித்துக்கொண்டே இருந்ததால், இன்னொரு தடவை மலை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நானும் வரேன் என்று மல்லிகா முன் சீட்டில் என் இடது பக்கம் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளை பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அடி அண்ணாமலையில் இறங்கிக் கோவிலில் கும்பிட்டோம். வண்டி வழக்கம்போலப் பட்டு. மேட்டில் இழுத்தது, பள்ளத்தில் பிரேக் பிடித்தது. பாய்க்குத் தகரம் தெரியும், வண்டி தெரியாது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

தேரடிக்கு வந்து இறங்கினால் மாப்பிள்ளை வெறுங்காலோடு நிற்கிறார். அடி அண்ணாமலைக் கோவில் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டாராம். மல்லிகா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. வந்த வழியே திரும்பினால் சீக்கிரம் போயிடலாம் மச்சான் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கற்பூரம் ஏற்றப் போகிற வண்டியை மலைக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதா. மாப்பிள்ளையாவது மண்ணாவது என்று மறுபடியும் முதலிலிருந்து சுற்றினேன். ஒரு ஜோடிச் செருப்புக்குப் பதினாலு கிலோமீட்டர். செருப்பு அங்கேயே இருந்தது, மகராசன் எவனும் தொடவில்லை. திரும்பித் தேரடிக்கு வந்து கற்பூரத்தைக் கொளுத்தக் குச்சியை உரசினேன். "வாங்கலாம்" என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அப்போது மல்லிகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"ஏண்ணா, ரெண்டு ரவுண்டும் இந்தக் கதவு மேலயே சாஞ்சு சாஞ்சு இடுப்பு வுட்டுப்போச்சு. இந்த வண்டி அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதா?"

சந்தைத் திடலில்

குச்சி என் விரலைச் சுட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை. மலை எப்போதும் நமக்கு வலது பக்கம். பதினாலு கிலோமீட்டரும் வலது பக்கமாகத்தான் வளைந்து வளைந்து வருகிறோம். வண்டியின் பாரமெல்லாம் இடது சக்கரத்தின்மேல். வலது சக்கரம் பெரிய மனுஷன் மாதிரி சும்மா கூட வருகிறது. தெருமுனையில் இடது பக்கம் ஒடிப்பது உண்டு, அது மாட்டு வண்டி வேகம். வேகமாகப் போய் இடது பக்கம் வளைந்தால் என்ன ஆகும் என்று பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட, ஒரு வண்டியில்கூட நான் பார்த்ததில்லை.

மல்லிகாவை வீட்டில் விட்டுவிட்டு, காரைச் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோனேன். சந்தை இல்லாத நாள், காலி மைதானம். பாயும் மாப்பிள்ளையும் ஓரமாக நின்றார்கள். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து ரவுண்டு அடித்தேன். முதல் ரவுண்டில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை சந்தோஷத்தில் விசில்கூட ஊதினார். ரெண்டாவது ரவுண்டில் கொஞ்சம் வேகம் கூட்டினேன். காலுக்குக் கீழே டக், டக் என்று ஒரு சத்தம். மூணாவது ரவுண்டில் அந்தச் சத்தம் படார் என்று முடிந்தது. வலது முன் சக்கரம் உள்பக்கமாக மடங்கிப் படுத்துவிட்டது. காரின் மூக்கு மண்ணில் குத்தி, வண்டி பாதி வட்டம் சுழன்று, ஸ்டியரிங் என் நெஞ்சில் மோதி நின்றது. திடல் முழுக்கப் புழுதி.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் இடது சீட்டைத்தான். காலையில் மல்லிகா உட்கார்ந்திருந்த இடம். உடைந்த முன் கண்ணாடித் துண்டெல்லாம் அதன்மேல் கொட்டிக் கிடந்தது. செங்கம் ரோட்டில் எத்தனை இடது வளைவு, எந்தெந்த வளைவுக்குப் பக்கத்தில் புளியமரம் என்று எனக்கு மனப்பாடம். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை. மாப்பிள்ளை வாயில் விசிலோடு அப்படியே நின்றார், அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. பாய் குனிந்து சக்கரத்தைத் தாங்கும் இரும்பைத் தொட்டுப் பார்த்தார். என்றைக்கோ வலது பக்கம் அடிபட்டபோது கீறல் விட்ட இரும்பு. உடைந்த இடத்தில் பாதி துரு, பாதி புதுசு. எழுந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அப்ப பதினோரு வருஷமா நீ இந்த ஊருக்குப் பாதி வண்டிதான் பாத்துக் குடுத்திருக்கே."

வீடு வீடாக

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே சைக்கிளை எடுத்தேன். என் பேச்சை நம்பி வண்டி வாங்கின ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போனேன். வண்டியைக் கொஞ்சம் சந்தைத் திடலுக்குக் கொண்டுவாங்க, இடது பக்கம் ஒடித்துப் பார்க்கணும் என்றேன். கதவைச் சாத்தினவர்கள் உண்டு. மேஸ்திரிக்கு நெஞ்சில் அடிபட்டது தலைக்கு ஏறிவிட்டது என்றவர்கள் உண்டு. மலை சுற்றி வந்த வண்டியைச் சந்தேகப்படலாமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. கெஞ்சிக் கூத்தாடிப் பெரும்பாலும் எல்லா வண்டியையும் பார்த்துவிட்டேன். ரெண்டில் வலது பக்கம் கோளாறு இருந்தது, சரி பண்ணிக் கொடுத்தேன். சிவப்புக் காரை இன்ஜினியரே ஆள் அனுப்பி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அவரும் தெரியாமல்தான் ஓட்டியிருக்கிறார் பாவம், லெட்டர் எழுதி மன்னிப்புக் கேட்டார்.

கடைசி வரைக்கும் மசியாதவர் மல்லாட்டை மண்டிக்காரர்தான். நாலு கதவு வண்டி ஒன்றை என்னிடமே பார்த்து வாங்கியிருந்தார். மூணு தடவை போய் நின்றேன். மூணாவது தடவை மோர் கொடுத்து உட்கார வைத்து, ஒரு முடிவாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

"இடது பக்கம் வேகமா திரும்பினா ஒடையும்னா, நான் மெதுவா திரும்பிக்கறேன். நல்லா ஓடற வண்டியைப் பிரிச்சுப் போடாதே மேஸ்திரி."

வளைகாப்பு முடிந்து

மல்லிகா வருகிற நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நின்றேன். மாப்பிள்ளை முதலில் இறங்கினார், மீசை கொஞ்சம் வாடியிருந்தது. விசில் ஊதி டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்தாராம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க மல்லிகா இறங்கினாள். அன்றைக்குத் தேரடியில் குச்சியை உரசினது ஞாபகம் வந்து என் கண் பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் போனது. நடந்தது முழுக்க அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையை என் கையில் கொடுத்தாள்.

"பயப்படாதேண்ணா, பஸ்ஸு ரெண்டு பக்கமும் திரும்புது. வழி நெடுக பாத்துக்கினுதான் வந்தேன்."

இன்றைக்கும் எந்தப் பழைய கார் வந்தாலும் முதலில் மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு, அது சாமிக்கு. அப்புறம் சந்தைத் திடலில் இடது பக்கமாக மூணு ரவுண்டு, அது என் தங்கச்சிக்கு.